மச்சம்தானா என்று சந்தேகமா? மும்பையில் எங்கே, எப்படிக் காட்டுவது

தாராவியில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி. கால் ஆணி என்று சொல்லிக்கொண்டே ரொம்ப நாள் ஓட்டினார். வலிக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சுட்டு எடுத்தார்கள், எடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதே இடத்தில் மறுபடி கறுப்பு படர்ந்த பிறகுதான் சயான், பரேல் ஆஸ்பத்திரிகள் என்று அலைச்சல் தொடங்கியது. போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "முன்னாடி எடுத்த சதையோட ரிப்போர்ட் எங்கே?" என்பதுதான். காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. வந்திருந்தது தோல் புற்று. நல்லவேளையாக ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபட்டது, இப்போது நடமாடுகிறார்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்த வரிசையில் நிற்பது, எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பது, எங்கே பணம் வீணாகிறது என்பதெல்லாம் இப்போது அத்துப்படி. ஊரிலிருந்து புதிதாக மும்பை வந்திருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டிலேயே பாருங்கள், முகத்தை மட்டும் அல்ல

மச்சம் என்றதும் எல்லோரும் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தையும் மூக்கையும்தான் பார்க்கிறோம். தோல் புற்றில் மோசமான வகை மெலனோமா. இந்தியாவில் அது அபூர்வம், ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் அது வந்தால் அதிகம் வருகிற இடம் உள்ளங்கால், அப்புறம் உள்ளங்கை, நகத்துக்கு அடியில். இந்த வகைக்கு வெயில் காரணமில்லை. அதனால் 'நான் வெயிலிலேயே போவதில்லை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வந்தது இதுதான். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார்.

மாதம் ஒரு தடவை, குளித்த பிறகு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கால், விரல் இடுக்கு, இருபது நகங்கள், காதுக்குப் பின்னால், தலையில் வகிடு எடுத்து எடுத்து. முதுகை வீட்டில் ஒருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வயதானவர்களால் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சித்தப்பா குதிகாலை அவரே சரியாகப் பார்த்தது என் போனில் எடுத்த போட்டோவில்தான்.

சந்தேகமான மச்சத்தைப் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். ஒன்று கிட்டத்தில், இன்னொன்று உடம்பில் எந்த இடம் என்று தெரிகிற மாதிரி தள்ளி. அடுத்த மாதமும் அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில். டாக்டரிடம் 'முன்னாடி சின்னதா இருந்துச்சு' என்று சொல்வதற்கும் தேதியோடு இரண்டு போட்டோ காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

2. இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்

சின்ன வயதிலிருந்து அப்படியே இருக்கும் மச்சம். அதில் முடி முளைத்திருந்தாலும் சரி. நடு வயதில் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கடுகு கடுகாக வருகிற கறுப்புப் புடைப்புகள் நம் ஆட்களுக்கு மிகச் சாதாரணம், பரம்பரையாகவும் வரும். கழுத்தில் தொங்குகிற மரு, சிவப்புப் பொட்டு, இவையும் அப்படித்தான். ஆனால் கழுத்தில் நிறைய மருவோடு பின்கழுத்தும் கறுத்து வெல்வெட் மாதிரி தடித்திருந்தால் சர்க்கரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அது வேறு கதை.

முப்பது, முப்பத்தைந்து வயது வரை புதிதாக மச்சம் வருவது இயல்பு. கர்ப்பக் காலத்தில் எல்லா மச்சமும் கொஞ்சம் கறுப்பதும் உண்டு. ஒன்று மட்டும் தனியாக மாறினால்தான் காட்ட வேண்டும்.

3. இவற்றைப் பார்த்தால் தள்ளிப் போடாதீர்கள்

உங்கள் உடம்பில் உள்ள மற்ற மச்சங்களோடு ஒத்துப்போகாமல் தனித்துத் தெரிகிற ஒன்று. டாக்டர்களும் முதலில் தேடுவது இதைத்தான். அப்புறம்:

- ஒரு பாதி மறுபாதி மாதிரி இல்லாதது, ஓரம் மை ஊறினாற்போல் கலைந்திருப்பது
- ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, நீலம், சிவப்பு என்று பல நிறம்
- ஸ்கேலில் 6 மில்லிமீட்டருக்கு மேல் (இதைவிடச் சின்னதாக இருப்பதாலேயே நல்லது என்று அர்த்தமில்லை)
- சில வாரங்களில், மாதங்களில் பெரிதாவது, மேடாவது, கெட்டியாவது
- தானாக ரத்தம் கசிவது, அரிப்பது, பொருக்கு கட்டிக் கட்டி உதிர்வது

காலில் இருக்கும் புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை என்றால் அதில் கறுப்பே இல்லாவிட்டாலும் காட்டுங்கள். கால் ஆணி, மரு, சர்க்கரைப் புண் என்று சொல்லிச் சொல்லித்தான் காலில் வருவது தாமதமாகப் பிடிபடுகிறது. முகத்தில், முக்கியமாக மூக்கையும் கண்ணையும் ஒட்டி, பளபளவென்று ஓரம் தடித்து நடுவில் ஆறாமல் இருக்கும் 'மச்சம்' வேறு வகைத் தோல் புற்றாக இருக்கலாம். அது மெதுவாக வளரும், பெரும்பாலும் முழுதாகக் குணமாகும், ஆனால் விட்டுவிட்டால் மூக்கையே அரித்துவிடும்.

நகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில், அதுவும் கட்டைவிரலில், புதிதாகக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் ஏறினாலோ உடனே காட்டுங்கள். அடிபட்டு ரத்தம் கட்டியதா, இது வேறா என்று குழப்பமாக இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், அடியில் சுத்தமான நகம் வரும். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதிதான், அதனால் காலில் பொறுமை வேண்டும். நகரவே இல்லை என்றால் அது ரத்தக்கட்டு இல்லை.

4. கை வைக்காதீர்கள், யாரையும் வைக்கவும் விடாதீர்கள்

குதிரை முடியால் இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைப்பது, பூண்டு தேய்ப்பது, ஆன்லைனில் விற்கும் 'மச்சம் நீக்கும் கிரீம்'. மருவுக்கு இதையெல்லாம் செய்து தப்பித்தவர்கள் எல்லார் வீட்டிலும் இருப்பார்கள், ஆனால் அது மருதான் என்று அவர்களுக்கு யார் சொன்னது? மேலே வெந்து உதிர்ந்துவிடும், அடியில் இருப்பது இருக்கும். அப்புறம் டாக்டர் பார்க்கும்போது தழும்பும் மச்சமும் கலந்து ஒன்றும் புரியாது.

பியூட்டி பார்லரிலும் சில அழகு கிளினிக்குகளிலும் லேசர், கரண்ட் சூடு என்று மலிவாகச் செய்கிறார்கள். முகத்தில் உள்ள கடுகுப் புடைப்பைத் தோல் டாக்டர் பார்த்துவிட்டுச் சுட்டால் தவறில்லை. மச்சம் மாதிரி இருக்கும் எதையும், சந்தேகம் துளி இருந்தாலும், சுடவோ லேசர் அடிக்கவோ கூடாது, ஏனென்றால் எரிந்துபோன சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எடுத்ததை லேபுக்கு அனுப்புவீர்களா?" தேவையில்லை என்று பதில் வந்தால், ஏன் என்று காரணம் சொல்லச் சொல்லுங்கள். அது திருப்தியாக இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. எங்கே போவது

தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும், தோல் நோயில் எம்.டி. அல்லது டி.வி.டி. (தோல் நோய் டிப்ளமா) படித்தவரா என்று போர்டில் பாருங்கள். போன் செய்யும்போதே "டெர்மாஸ்கோப் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். கைக்கு அடக்கமான, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி அது, சாதாரணமாகப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். மச்சத்தில் வைத்துப் பார்ப்பதோடு சரி, வலி கிலி எதுவும் கிடையாது. பாதிப் பேருக்கு அதோடு 'பயமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்க' என்று வேலை முடிந்துவிடும்.

தனியார் என்றால் செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு பக்கம் நான் கேட்ட இடங்களில் பார்க்க மட்டும் 800 முதல் 1,500 ரூபாய் வரை சொன்னார்கள். பணம் நெருக்கடி என்றால் மாநகராட்சி ஆஸ்பத்திரிகள் தைரியமாகப் போகலாம்: சயானில் லோகமான்ய திலக், பரேலில் கே.இ.எம்., மும்பை சென்ட்ரலில் நாயர், ஜுஹூ பக்கம் கூப்பர். தாராவிக்காரர்களுக்குச் சயான் நடை தூரம். தோல் பிரிவில் கூட்டம் இருக்கும், ஆனால் ஒரு நாளில் இவர்கள் பார்க்கிற தோல் நோய்களைத் தனியார் கிளினிக் ஒரு மாதத்தில் பார்க்காது.

புதிதாக வந்தவர்கள் சிக்குகிற இடங்கள் இரண்டு. ஒன்று, வரிசை. முதலில் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) கவுண்டர், அதற்கு மிகச் சொற்பக் கட்டணம், சில்லறையாக வைத்திருங்கள். அப்புறம்தான் தோல் ஓ.பி.டி. (வெளிநோயாளி பிரிவு). காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் போனால் கவுண்டரை மூடிவிட்டதாகச் சொல்ல வாய்ப்பு அதிகம். இரண்டாவது, யூனிட். எந்தக் கிழமையில் முதலில் பார்க்கிறீர்களோ அந்தக் கிழமையின் டாக்டர் குழுதான் கடைசி வரை உங்களுடையது. செவ்வாய்க்கிழமை ஆளை வியாழக்கிழமை பார்க்க மாட்டார்கள், 'உங்க யூனிட் நாளில் வாங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். கேஸ் பேப்பரில் கிழமையைப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லீவு போடுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆட்டோ சயானோடு நின்றுவிடும், அதற்குத் தெற்கே போகாது. பரேல் போக டாக்ஸி, அல்லது ஸ்லோ லோக்கலில் பரேல் ஸ்டேஷன். கணபதி நாட்களில் லால்பாக், பரேல் பக்கம் டாக்ஸியை நம்பாதீர்கள்.

6. போகும் அன்று

ஆதார், பழைய ரிப்போர்ட்டுகள், போட்டோக்கள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதை முதலிலேயே சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும் சொல்லுங்கள்.

நெயில் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள். கல்யாண வீட்டு மருதாணி கையிலும் காலிலும் இருந்தால் அது மங்கிய பிறகு நாள் வாங்குங்கள், மருதாணிக்கு அடியில் உள்ளங்கால் புள்ளியின் நிறம் யாருக்கும் தெரியாது. ரத்தம் கசிகிற கேஸாக இருந்தால் மட்டும் மருதாணியோடேயே ஓடுங்கள். மேக்கப், மஞ்சள் எதுவும் வேண்டாம். முழு உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள், கூட்டத்தில் நேரமும் இருக்காது. பெண்கள் தயங்கினால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், தப்பே இல்லை.

7. பயாப்சி என்று சொன்னால்

பயாப்சி என்பது சோதனைக்காகச் சதையை வெட்டி எடுப்பது. அதைக் கேட்டாலே கேன்சர் என்று வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்றும் ஒரு பேச்சு ஓடும். இரண்டும் தப்பு. மரத்துப்போக ஊசி போட்டு, சுருக்கென்று ஒரு வலி, பத்து இருபது நிமிடத்தில் முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம். சின்ன மச்சமென்றால், சுற்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலோடு முழுசாக எடுப்பதுதான் நல்ல முறை. பெரிதாகவோ முகத்திலோ பாதத்திலோ இருந்தால் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். மேலாகச் சீவி எடுத்தால் ஆழம் தெரியாமல் போகலாம், அதனால் எப்படி எடுக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சின்ன இடங்களில் எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டு உங்கள் கையிலேயே கொடுத்து 'லேபில் கொடுத்துடுங்க' என்பார்கள். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே சதை கெடாமல் வைக்கிற, தண்ணீர் மாதிரி ஃபார்மலின், அதில் மிளகு அளவுக்கு ஒரு துண்டு. வாங்கிய இடத்திலேயே நின்று பாருங்கள்: சதை முழுசாக மூழ்கியிருக்கிறதா, மூடி கசியவில்லையா, லேபிள் மூடியில் இல்லாமல் பாட்டில் மேலேயே ஒட்டியிருக்கிறதா. லேபிளில் பெயர், வயது, தேதி, எந்த இடம் (வலது குதிகால் என்று தெளிவாக) இருக்க வேண்டும். கூடவே வரும் சீட்டில் எத்தனை நாளாக இருக்கிறது, என்ன சந்தேகம் என்பதையும் டாக்டர் எழுதியிருக்க வேண்டும், வெறுமனே 'மச்சம்' என்று எழுதி அனுப்பினால் லேபுக்கும் கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான். சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், கண் எரியும். அன்றைக்கே லேபில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தையல் முகத்தில் என்றால் ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள், உடம்பில் பத்து முதல் பதினான்கு நாள், உள்ளங்காலில் இன்னும் கூடும். மழைக் காலத்தில் காலில் தையல் போட்டவர்கள் கவனம். கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா பக்கம் முழங்கால் தண்ணீரில் தையலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரை போகும். தவிர்க்க முடியாமல் இறங்கிவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். இதற்காக மழை விடட்டும் என்று பயாப்சியைத் தள்ளிப்போட வேண்டாம், பிளாஸ்டிக் கவரும் டாக்ஸியும் போதும்.

8. ரிப்போர்ட் மட்டும் வாங்கி வந்தால் போதாது

ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும். தனியாரில் மச்சம் எடுக்க 4,000 முதல் 12,000 வரை, லேபுக்குத் தனியாக ஆயிரம், இரண்டாயிரம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். 'மெலனோசைட்டிக் நீவஸ்' என்று மட்டும் இருந்தால் அது சாதாரண மச்சம், நிம்மதியாகத் தூங்கலாம். 'டிஸ்பிளாஸ்டிக்' அல்லது 'அடிபிகல்' (வழக்கத்துக்கு மாறாகத் தெரிகிறது என்று அர்த்தம்) என்று இருந்தால் பதறாமல் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். 'இம்யூனோ' என்று இன்னொரு பரிசோதனை கேட்டால் கூடுதல் நாளும் கூடுதல் பணமும் ஆகும், ஒவ்வொரு மார்க்கருக்கும் (சாயம் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு சோதனைக்கும்) தனித்தனி விலை, அதனால் மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

மெலனோமா என்று வந்தால் ரிப்போர்ட்டில் தேட வேண்டியது 'பிரெஸ்லோ' என்று போட்டு மில்லிமீட்டரில் ஒரு எண். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது அதுதான். 'இன் சிட்டு' என்றால் மேல்தோலைத் தாண்டவில்லை, நல்ல செய்தி. அடுத்த ஆபரேஷனில் சுற்றிலும் எவ்வளவு எடுப்பது என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும்: 1 மில்லிமீட்டர் வரை ஆழம் என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர்.

இப்போது முக்கியமான விஷயம். லேபில் உங்கள் சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள், அதற்குப் பெயர் பிளாக். அதிலிருந்து சீவிய கண்ணாடித் துண்டுகள் ஸ்லைடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளி ரிப்போர்ட்டை அப்படியே நம்ப மாட்டார்கள், அவர்களே மறுபடி பார்ப்பார்கள், அதற்குப் பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை நகலோடு ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஸ்லைடு உடையும், கெட்டியான டப்பாவில் வையுங்கள். பிளாக் மெழுகு என்பதால் மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். பிளாக்கில் இருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே ஒத்துப் பாருங்கள்.

9. டாட்டா ஆஸ்பத்திரி என்றால்

பரேலில் கே.இ.எம்.முக்குப் பக்கத்திலேயே டாட்டா மெமோரியல். பதிவு இரண்டு வகை, ஜெனரல், பிரைவேட். ஜெனரலில் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். எதில் போவது என்று வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள், கவுண்டரில் நின்று யோசிக்க முடியாது. ஆதார், ரிப்போர்ட், பிளாக், ஸ்லைடு, அனுப்பிய டாக்டரின் கடிதம், எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ். முழு நாளும் அங்கேதான் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர், சாப்பாடு, போன் சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். ஹிந்தி வராத பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.

10. பணமும் காப்பீடும்

மகாத்மா ஜோதிராவ் புலே திட்டம் மகாராஷ்டிர அரசின் மருத்துவக் காப்பீடு, அதற்கு மகாராஷ்டிர ரேஷன் கார்டு கேட்பார்கள். ஊர் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு இங்கே முயன்றால் நடக்காது. 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா மருத்துவக் காப்பீட்டுக் கார்டு உண்டு, ஆதார் இருந்தால் எடுக்கலாம், சித்தப்பா மாதிரி ஊருக்கும் மும்பைக்கும் அலைபவர்களுக்கு அதுதான் சௌகரியம்.

தனியார் பாலிசியில் அழகுக்காக மச்சம் எடுத்தால் ஒரு பைசா வராது. சந்தேகத்துக்காக எடுத்தால், என்ன சந்தேகம் என்பதை டாக்டர் எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அப்படியும் ஓ.பி.டி.யில் உட்காரவைத்து எடுத்த பயாப்சிக்கு 'வெளிநோயாளி சிகிச்சை' என்று சொல்லி மறுப்பார்கள், அதனால் எடுப்பதற்கு முன்பே கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

11. அங்க அடையாள மச்சமாக இருந்தால்

தமிழ்நாட்டில் படித்தவர்களின் மாற்றுச் சான்றிதழில் 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்கிற மாதிரி இரண்டு அடையாளம் எழுதியிருப்பார்கள். எடுக்கப்போவது அதில் ஒன்றா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக எடுக்காமல் இருக்கக்கூடாது, எடுப்பதற்கு முன் முகத்தோடு சேர்த்து ஒரு போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு, லேப் ரிப்போர்ட் மூன்றையும் சான்றிதழ் இருக்கும் ஃபைலிலேயே போட்டு வையுங்கள். வேலைக்கான மெடிக்கலில் யாராவது கேட்டால் காட்டலாம். இனிமேல் நிரப்பும் படிவங்களில் அந்த மச்சத்தை எழுதாமல் இப்போது உடம்பில் தெரிகிற வேறொன்றை எழுதுங்கள், எடுத்த இடத்துத் தழும்பையே எழுதினாலும் சரி.